திருடன் பழுதுபார்த்த கிட்டார்

“பொருள் இங்கேயேதான் சார் இருக்கு. ஆனா திருட்டுப் போயிடுச்சு” என்றாள் அந்தப் பெண்.

“ரொம்ப நல்லதாப் போச்சு. தேடுற வேலை மிச்சம்” என்றாள் வாயாடி.

இன்ஸ்பெக்டர் தன் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் பயந்து பல வருடம் ஆகிறது. அவர் போலீஸ் இன்ஸ்பெக்டரும் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வேலையை விட்டதும் விசிட்டிங் கார்டிலிருந்து கம்பெனியின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே அச்சடித்துக்கொண்டார். கார்டைப் பார்த்ததும் ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். அவர் பெருந்தன்மையாக “உட்காருங்க” என்பாரே தவிர, விளக்கம் சொல்லி யாரையும் சிரமப்படுத்த மாட்டார். வாயாடி அவருடைய அக்கா மகள். வங்கியில் நல்ல வேலையில் இருந்தவள், மேனேஜரிடம் ஒரே ஒரு உண்மையைச் சொல்லி அந்த வேலையைத் தொலைத்தாள். இப்போது மாமாவிடம் நாள் முழுக்க உண்மையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொந்தமாகப் போய்விட்டதால் அவரால் அவளை அனுப்ப முடியவில்லை.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது ஒரு கிட்டார் பட்டறை. சுவரோரம் பலகைகள் சாய்ந்து கிடந்தன. குறுக்கே கட்டிய கம்பியில், கொடியில் துணி காய்வது போல, கிட்டார் கழுத்துகள் தொங்கின. மூலையில் ஒரு பழைய தையல் மெஷின். அதன் ஊசியைக் கழற்றிவிட்டு, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றுகிற மாதிரி மாற்றியிருந்தார்கள். அந்த மெஷினால்தான் அந்தப் பெண்ணுக்கு ‘ராட்டை’ என்று பெயர். முன்பு துணி தைத்தவள். இப்போது கிட்டாருக்குப் பிக்கப் சுற்றுகிறாள்.

“பிக்கப்னா என்னக்கா?” என்று கேட்டாள் வாயாடி. “லாரி மாதிரி ஏதாவதா?”

“தந்திக்கு அடியில இருக்குமே, கறுப்பா ஒரு சின்னப் பட்டை. உள்ள காந்தம், சுத்திலும் கம்பிச் சுருள். தந்தி ஆடுறதை அதுதான் கரண்டாக்கி சத்தத்தைப் பெரிசாக்கற ஆம்ப்புக்கு அனுப்பும். அது சரியில்லேன்னா நீங்க எவ்வளவு நல்ல மரத்துல கிட்டார் செஞ்சாலும் ஊமைதான்.”

“அதாவது மரம் சும்மா அழகுக்கு.”

“மெதுவாப் பேசுங்க” என்றாள் ராட்டை, உள்பக்கம் கண்ணைக் காட்டி.

உள்பக்கம் ஒருவர் குனிந்து பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். ராட்டையின் கணவர். ஊரெல்லாம் அவரைத் தச்சர் என்றுதான் சொல்லும். மரக்கடையில் பலகை வாங்கப் போனால், தர்ப்பூசணி வாங்குகிறவர் போல ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டு, கடைக்காரன் கடையை மூடுகிற வரை நிற்பார். இழைப்பதை நிறுத்தாமலே பேசினார்.

“இதுக்கு எதுக்கு வெளியாளு? யாரு செஞ்சதுன்னு தெரியாமலா இருக்கு?”

நடந்தது இவ்வளவுதான். மேடைகளில் கிட்டார் வாசிக்கிற ஒருவர் இருக்கிறார். ‘சூறாவளி’ என்பது அவருக்குக் கிடைத்த பட்டம், கொடுத்தவரும் அவரே. அவருக்காக இந்தப் பட்டறை ஒரு கிட்டார் செய்து கொடுத்தது. மகோகனி மரத்தில் உடம்பு, மேப்பிள் மரத்தில் கழுத்து, ராட்டையின் பிக்கப். ஒத்திகையில் வாசித்துப் பார்த்தவர், வெளியூர் போவதால் பத்திரமாக இருக்கட்டும் என்று வார இறுதிக்கு அதைப் பட்டறையிலேயே விட்டுப் போனார். யாரும் தொட வேண்டாம், சில்லறைக் கோளாறுகளைக் கச்சேரி முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் ராட்டையும் ஊரில் இல்லை. இன்று காலை அவர் வந்து கிட்டாரை ஆம்ப்பில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். சத்தம் சளி பிடித்த மாதிரி வந்தது. மேல்தகட்டைத் திறந்து பார்த்தால், ராட்டை எப்போதும் சுற்றுகிற வெள்ளைப் பருத்தி நாடாவைக் காணோம். பழுப்பாக, பளபளவென்று வேறு என்னவோ இருந்தது. நல்ல பிக்கப்பை எடுத்து விற்றுவிட்டு மட்டமான சரக்கை மாட்டிவிட்டார்கள் என்று கத்திவிட்டுப் போனார். சாயங்காலம் கச்சேரிக்குக் கிட்டாரை எடுக்க வருவாராம். பழைய பிக்கப் வராவிட்டால் மேடையிலேயே பட்டறைப் பேரைச் சொல்வாராம்.

“யாரு செஞ்சதுன்னு இவர் சொல்றது என் தம்பியைத்தான்” என்றாள் ராட்டை. “மாடியில இருக்கான். ஆம்ப் செய்யறவன். காலையில அந்தாளு முன்னாடியே, ‘அவன்தான் எடுத்திருப்பான்’னு இவர் சொல்லிட்டாரு. இப்ப அவன் சாமானைக் கட்டிக்கிட்டிருக்கான். சாயங்காலத்துக்குள்ள உண்மை தெரியலேன்னா திருடன்ங்கற பேரோட இந்தப் படியை இறங்குவான். அவன் இறங்கினா நானும் இறங்கிடுவேன் சார். அப்புறம் இந்தப் பட்டறையில இவரும் இவர் பலகையும்தான்.”

இழைப்புளியின் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

“நீங்க அந்தக் கிட்டாரைத் தொட்டீங்களா?” என்று தச்சரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“எனக்கு மரத்தோட வேலை முடிஞ்சுது. பெட்டியையே திறக்கல. இந்த வீட்டுல கரண்ட் சமாசாரத்தைத் தொடறது ரெண்டே பேரு. ஒருத்தி ஊர்ல இல்ல.”

“இன்னொருத்தர்தான் திருடன். கணக்கு ஒரே வரியில முடிஞ்சுது” என்றாள் வாயாடி. “மாமா, நாம வீட்டுக்குப் போகலாமா?”

இன்ஸ்பெக்டர் சூறாவளிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார்.

“கிட்டார்ல வேற என்னென்ன மாறியிருக்குன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?”

“வேறென்ன மாறணும்? உயிரே போயிடுச்சுங்கறேன்!”

“உயிரைத் தவிர வேற ஏதாவது?”

அந்தப் பக்கம் எரிச்சலாக மூச்சு விட்டது. “வால்யூம் குமிழைத் திருகினா கரகரன்னு சத்தம் வரும். இப்ப வரல. வயர் சொருகுற இடம் லொடலொடன்னு ஆடும். இப்ப ஆடல. மேல்தகட்டுல ஒரு மூலை ஸ்க்ரூ நிக்கவே நிக்காது, சும்மா சுத்தும். இப்ப இறுக்கமா இருக்கு. அதுவா சார் இப்ப முக்கியம்?”

“அதுதான் முக்கியம்” என்று சொல்லி இன்ஸ்பெக்டர் போனை வைத்தார்.

வாயாடிக்கு வாய் துறுதுறுத்தது. “திருட வந்தவன் வீட்டைக் கூட்டி, பெருக்கி, பாத்திரம் தேய்ச்சு வச்சிட்டுப் போயிருக்கானே மாமா. அவனோட விலாசம் கிடைச்சா நம்ம வீட்டுச் சாவியைக் கொடுத்துடலாம்.”

“அதாவது வந்தவன் தொழில் தெரிஞ்சவன். கரகர சத்தத்தோட ஒரு கிட்டாரை மூடி வைக்க அவனுக்கு மனசு வரல.” இன்ஸ்பெக்டர் அந்த மூலை ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தார். அதன் பிறகு லென்ஸை வாயாடியிடம் கொடுத்தார்.

தளர்ந்த ஓட்டைக்குள் யாரோ ஒரு சிறு மரத்துண்டை ஆப்பாக இறக்கி, மட்டமாக வெட்டிவிட்டிருந்தார்கள். சிவப்பு மரம். சுற்றியிருந்த மரத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவளுக்கு அதில் பெரிய ரகசியம் ஒன்றும் புலப்படவில்லை.

“ஓட்டையை அடைச்சிருக்காங்க. அதுக்கென்ன?”

“ஓட்டையை எல்லாரும்தான் அடைப்பாங்க. எப்படி அடைப்பாங்கங்கறதுதான் கேள்வி. வார இறுதியில இங்க வேற யாராவது வந்தாங்களா?”

“பாலிஷ் வந்தாரு” என்றார் தச்சர் உள்ளிருந்து. “பலகையை இறுக்கற கிளாம்ப் இரவல் வாங்க. வாசல்ல நின்னே வாங்கிட்டுப் போனாரு.”

பாலிஷ் என்பவர் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கிட்டார் கடை வைத்திருந்தார். அவர் கிட்டாரில் முகம் பார்த்துத் தலை வாரலாம். வாசிப்பதைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டரின் கார்டைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“உட்காருங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “ஒரு சந்தேகம். ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துபோனா என்ன பண்ணுவீங்க?”

“இதுக்காகவா போலீஸ் வந்திருக்கு?”

“மேலிடத்து உத்தரவு” என்றாள் வாயாடி.

“ரெண்டு தீக்குச்சி, ஒரு சொட்டுப் பசை. அவ்வளவுதான் சார். மேல தகடு மூடிடுது, யாரு பார்க்கப் போறாங்க?”

“குமிழ் கரகரன்னா?”

பாலிஷ் குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சமா சரி பண்ணுவேன். முழுசா சரி பண்ணிட்டா கஸ்டமர் திரும்ப எதுக்கு வருவாரு?”

“திறந்த மனசு” என்றாள் வாயாடி. “உங்களை மாதிரி ஒரு ஆளு எங்க பேங்க்லயும் இருந்தாரு. அவர்தான் மேனேஜர்.”

இவர் திருடியிருக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. மூன்று கோளாறையும் முழுசாகச் சரிசெய்ய வேண்டும் என்றால் இந்த மனிதர் காய்ச்சலில் விழுந்துவிடுவார். இன்ஸ்பெக்டர் கையோடு எடுத்து வந்த கிட்டாரைக் கடையிலிருந்த ஆம்ப் ஒன்றில் மாட்டி வாசிக்கச் சொன்னார். பாலிஷ் ஒரு தந்தியைத் தட்டினார். புருவம் உயர்ந்தது.

“அட, விசில் நின்னுபோச்சே!”

“என்ன விசில்?”

“ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன் சார். சத்தத்தைக் கூட்டி, ஆம்ப் பக்கம் திரும்பினா போதும், ‘கீ’ன்னு ஒரு ஊளை. காது கிழிஞ்சுபோச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் தச்சர்கிட்ட சொன்னேன், ‘வீட்டம்மா கம்பியைத் தளர்த்திச் சுத்திட்டாங்க போலிருக்கு’ன்னு. மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. தப்பா எதுவும் சொல்லலையே நான்?”

“சேச்சே. நீங்க நல்லவர்” என்றாள் வாயாடி. “கிளாம்ப்பை மறக்காமத் திருப்பிக் கொடுத்துடுங்க.”

வெளியே வந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டாள்: “மாமா, கெட்ட சத்தம் போயிடுச்சு, கூடவே நல்ல சத்தமும் போயிடுச்சு. திருடன் நல்லவனா கெட்டவனா?”

“கெட்டிக்காரன் இல்ல. அது மட்டும் தெரியுது.”

ராட்டையின் தம்பியை எல்லோரும் ‘வால்வு’ என்று கூப்பிட்டார்கள். கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும் பழைய வால்வுகளைப் போட்டு ஆம்ப் செய்வதுதான் அவன் தொழில். அவனுடைய மாடி அறையில் பாதி சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. மீதியை எடுத்து அடுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினான்.

“பெட்டியைத் திறந்து சோதனை போடணுமா? போட்டுக்குங்க.”

“ஒரே ஒரு கேள்விதான்” என்றார் இன்ஸ்பெக்டர். “ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துபோனா என்ன பண்ணுவே?”

“அதைவிடக் கொஞ்சம் தடியான ஸ்க்ரூவைப் போட்டு முறுக்குவேன்.”

“ஆப்பு?”

“மர வேலை எனக்கு எதுக்கு சார்? அதுக்குத்தான் கீழ ஒரு பெரிய மனுஷர் இருக்காரே. என்னைத் திருடன்னு சொல்லிட்டு ஜம்முனு பலகை இழைச்சுக்கிட்டிருக்காரு.”

அப்போது மின்விசிறி ஒரு கணம் தயங்கி, உடனே மறுபடி சுழன்றது. தெருவில் மற்ற கடைகளின் விளக்குகள் அணைந்தன. இந்த வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது.

“கரண்ட் போயிடுச்சு. பேட்டரி போட்டு வச்சிருக்கேன். இந்த வீட்டுல நான் வந்ததுலேர்ந்து விளக்கே அணைஞ்சதில்ல” என்றான் வால்வு. பெருமையாகத் தொடங்கியவன் திரும்பி இன்னொரு பெட்டியை இழுத்தான். “நாளைலேர்ந்து அவரே பார்த்துக்கட்டும்.”

வாயாடிக்கு என்னவோ போலாகிவிட்டது. ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தவள், அட்டைப்பெட்டி ஒன்றைப் பிடித்து அவனுக்கு டேப் ஒட்ட உதவினாள்.

இன்ஸ்பெக்டர் கிட்டாரை நீட்டினார். வால்வு அதை வாங்க மனமில்லாமல் வாங்கி, ஆம்ப்பில் மாட்டினான். வாசிக்கவில்லை. பிக்கப் மேல் நகத்தால் தட்டினான். ஒன்றும் கேட்கவில்லை.

“பாருங்க. அக்கா பிக்கப்பை நகத்தால தட்டினா, ஆம்ப்ல யாரோ கதவைத் தட்டற மாதிரி கேக்கும். அவ்வளவு உணர்ச்சி அதுக்கு. இது செத்த பல் மாதிரி கிடக்கு. ஏன்னு திறந்து பார்த்துச் சொல்ல எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது. ஆனா, ‘நீ தொடாதே’ன்னுட்டாரே! அக்கா பொருளை நான் வித்தேனாம். அவ கண்ணு வலிக்க வலிக்கச் சுத்தினதை!”

இன்ஸ்பெக்டர் கிட்டாரை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். பின்னாலேயே வந்த வாயாடி நேராகப் பட்டறைக் குப்பைத் தொட்டியிடம் போனாள். நல்ல பிக்கப்பை எடுத்தவன் அவசரத்தில் இங்கேயே எறிந்திருக்கலாம் என்பது அவள் எண்ணம். மரச்சுருளும் மரத்தூளும் முழங்கை வரை ஏறின. பிக்கப் கிடைக்கவில்லை. அடியில் ஒரு கொத்து வெள்ளை நூல்தான் கிடைத்தது.

“அக்கா, உங்க நூலெல்லாம் குப்பையில கிடக்கு.”

ராட்டை வாங்கிப் பார்த்தாள். “என் நூல் இல்லையே. இது விறைப்பா இருக்கு. நான் ஒரு சாண் நூலைக்கூட எறிய மாட்டேன்.”

இன்ஸ்பெக்டர் ஒரு நூலை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். மோந்து பார்த்தார். முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

“இது நூல் இல்லம்மா. மெழுகுவர்த்தித் திரி. ஒரு முனையாவது கருகியிருக்கா பாருங்க.”

ஒன்றுகூடக் கருகவில்லை. வாயாடி திரிகளைப் பார்த்தாள், எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள்.

“இந்த வீட்டுல விளக்கே அணையாது. அப்ப மெழுகுவர்த்தி எதுக்கு? சரி, ஏதோ ஆசைக்கு வாங்கினாங்கன்னே வச்சுக்குவோம். ஏத்தாம எப்படி மாமா மெழுகு மட்டும் தீர்ந்துபோகும்?”

“உருக்கினா தீர்ந்துபோகும்” என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு ராட்டையிடம் திரும்பி, வானிலை விசாரிப்பது போலக் கேட்டார்: “ஏம்மா, ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துபோனா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நானா? இவரைக் கூப்பிடுவேன்.”

உள்ளே இழைப்புளி நின்றது. இந்தத் தடவை மறுபடி தொடங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மேல்தகட்டைக் கழற்றி, டார்ச்சை அவளிடம் கொடுத்தார். “இந்த ஆப்பைப் பாருங்க. ஒருத்தர் தீக்குச்சி வைப்பேன்னாரு. ஒருத்தர் தடி ஸ்க்ரூ போடுவேன்னாரு. இவரு என்ன பண்ணியிருக்காரு? அதே மகோகனியிலேர்ந்து ஒரு சிலாம்பு எடுத்து, மரத்தோட ரேகை எந்தப் பக்கம் ஓடுதோ ஆப்போட ரேகையும் அந்தப் பக்கமே ஓடுற மாதிரி இறக்கியிருக்காரு. யாருமே பார்க்காத ஓட்டைக்குள்ள. ஒரு மனுஷராலதான் இப்படி மெனக்கெட முடியும்.”

ராட்டை உள்பக்கம் திரும்பவில்லை. ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் திருடலம்மா. யாருமே திருடல” என்று தொடர்ந்தார் இன்ஸ்பெக்டர். “எண்ணெய் பட்ட காகிதம் என்ன ஆகும்? அடியில இருக்கறது தெரியும். வெள்ளை நாடாவை மெழுகுல முக்கினாலும் அதேதான். இந்தப் பழுப்பு, உள்ள இருக்கிற உங்க செம்புக் கம்பியோட நிறம்.” நாடாவின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். நகத்துக்குள் மெழுகு ஏறியது. நாடா விலகிய இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு தெரிந்தது. “இது யாரு போட்டது?”

பட்டன் தைத்து முடிக்கிறபோது நூலைக் கடைசியாகச் சுற்றி இழுக்கிற முடிச்சு. எந்தத் தொழிற்சாலை மெஷினுக்கும் அதைப் போடத் தெரியாது.

“என் முடிச்சு” என்றாள் ராட்டை.

“காலையிலேயே பார்த்திருக்கலாமே அக்கா?” என்றாள் வாயாடி, கொஞ்சம் மெதுவாகவே.

“எங்க பார்த்தேன்? நாடா வெள்ளையா இல்லேன்னதும் கத்த ஆரம்பிச்சிட்டேன்.”

தச்சர் கையில் மரத்தூளோடு வந்து நின்றார். பெரிய உடம்பு. பலகை சுமக்கிற தோள். இப்போது ஓடி ஒளிய இடமில்லாத மாதிரி நின்றார்.

“விசில் அடிச்சுது” என்றார். “அத்தனை பேரு முன்னாடி. அந்தப் பாலிஷ் பய, நீ தளரச் சுத்திட்டேன்னு சொல்லிச் சிரிச்சான். சுருளை மெழுகுல முக்கினா விசில் நிக்கும்னு யாரோ சொல்லக் கேட்டிருக்கேன். நீ வர்றதுக்குள்ள சத்தமில்லாம முடிச்சிட்டா உனக்குத் தெரியவே தெரியாது, மனசும் நோகாதுன்னு நெனச்சேன். பசை காய்ச்சற பாத்திரத்துல உருக்கி முக்கினேன். அப்படியே மத்த கோளாறையும் பார்த்துட்டேன்.”

“எவ்வளவு சூடு?” என்று கேட்டது ஒரு குரல். வால்வு தோளில் ஒரு பெட்டியோடு படியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது.

“நல்லாக் கொதிக்க விட்டேன்.”

“கொதிச்ச மெழுகா! உள்ள கம்பி சுத்தின பிளாஸ்டிக் சட்டமே வளைஞ்சிருக்கும். கம்பி மேல இருக்கிற பூச்சு போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும். அதான் செத்துப்போச்சு.”

“எனக்குத் தெரியாதுடா. முக்கினதோட மூடி வச்சிட்டேன், சத்தம் போட்டுப் பார்க்கல. காலையில அவரு வந்து பிக்கப்பை மாத்திட்டாங்கன்னதும், நான் மூடினப்புறம் யாரோ எடுத்துட்டாங்கன்னுதான் நெனச்சேன். சத்தியமா.”

“யாரோ இல்லீங்க. என் தம்பி” என்றாள் ராட்டை. அவள் நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். “அந்த விசிலை எதுக்கு வச்சேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“எதுக்கு வச்சியா?”

“மெழுகு போடத் தெரியாமலா போடாம விட்டேன்? ஆம்ப் பக்கம் திரும்பினா கிட்டார் தானா அலறணும்னு கேட்டதே அந்தச் சூறாவளிதான். அதுக்காகவே எத்தனை தடவை சுத்திப் பிரிச்சுச் சுத்தினேன் தெரியுமா? ஒத்திகையில எல்லாரும் சிரிச்சாங்களாம். அவரு சிரிச்சாரா? அவரு குதிச்சிருப்பாரு!”

தச்சர் யோசித்தார். சூறாவளி அன்றைக்குக் குதித்தது உண்மைதான். கோபத்தில் குதிக்கிறார் என்று அவர் நினைத்திருந்தார்.

“ஆக, திருடன் ஒருத்தரும் இல்ல” என்றாள் வாயாடி. “பொண்டாட்டி மேல இருக்கிற பாசத்துல, பொண்டாட்டி செஞ்ச பொருளைக் கொதிக்க வச்சுக் கொன்னுட்டு, அந்தப் பழியை மச்சான் தலையில கட்டியிருக்காரு. பாசம் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா எல்லாரும் நல்லா இருந்திருப்பாங்க.”

வால்வு பெட்டியைத் தோள் மாற்றினான்.

“அக்கா கையால சுத்தினதை நான் வித்திருப்பேன்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

“அப்ப எனக்குச் சந்தேகப்பட வேற ஆளே கிடைக்கல” என்றார் தச்சர்.

“நீங்களே இருந்தீங்களே” என்றாள் ராட்டை.

வால்வு கடைசிப் படியையும் இறங்கினான். “சரிக்கா. நான் திருடலைன்னு உனக்கும் இந்த சாருக்கும் தெரிஞ்சுபோச்சு. போதும். காலையில யாரு முன்னாடி இவரு என்னைச் சொன்னாரோ அந்தாளு சாயங்காலம் மேடையில மைக்கைப் பிடிக்கப் போறாரு. ஊருக்கெல்லாம் நான் திருடன்தான். இங்க இருந்துகிட்டு அந்தப் பேச்சைக் கேக்க முடியாது.”

ராட்டை உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். காலையிலேயே துணி அடுக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. வாயாடி மாமாவைப் பார்த்தாள். மாமா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளியைக் கண்டுபிடிப்பது வரைதான் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் என்ன செய்வது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியில் யாரும் சொல்லித்தரவில்லை.

வாசலில் கார் கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. சூறாவளி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மேடைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, பின்னால் வாத்தியக்கோஷ்டி முழுவதும்.

“என்ன, பழைய பிக்கப் கிடைச்சுதா? இல்ல, உங்க மச்சான் வித்துச் சாப்பிட்டாச்சா?”

தச்சர் முன்னால் வந்தார். கும்பலில் ஒவ்வொருவரையும் பார்த்தார். அவர்கள் எல்லோருமே கிட்டார் வாங்குகிறவர்கள், நண்பர்களுக்கு வாங்கச் சொல்கிறவர்கள். அவர் இத்தனை வருடம் பலகை தட்டிச் சம்பாதித்த பெயர் முழுவதும் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தது.

“உங்க பிக்கப்பைக் கெடுத்தது நான்” என்றார். “தொட வேண்டாம்னு சொல்லிட்டுப் போன பொருளை உங்களைக் கேக்காம, சுத்தினவளையும் கேக்காம, தெரியாத வேலையைப் பார்த்துக் கெடுத்துட்டேன். காலையில என் மச்சானைச் சொன்னேன். பொய். நான் பெட்டியைத் திறந்ததை மறைச்சு அவனைச் சொன்னேன். அவன் அதைத் தொடவே இல்ல.”

வாத்தியக்கோஷ்டியில் ஒருவன் சிரிப்பை அடக்கினான். சூறாவளி கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்களா? உங்களை நம்பியா கிட்டாரை விட்டுட்டுப் போனேன்? இதை மேடையில சொன்னா உங்ககிட்ட இனிமே ஒருத்தன் வருவானா?”

“சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க. அவன் பேரை மட்டும் எடுக்காதீங்க.”

வாயாடி மரத்தூள் என்று சொல்லி இருமினாள். ராட்டைதான் முதலில் அசைந்தாள். பையை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, புதுச் சட்டம் ஒன்றை எடுத்து மாட்டி, கம்பியின் நுனியை விரலில் பிடித்தாள்.

“நேரம் அதிகமில்ல. புதுசா ஒண்ணு சுத்தித் தரேன். அலறும். உட்கார்ற ஆளு உட்காருங்க, மத்தவங்க வெளியில நில்லுங்க. காத்து வேணும்.”

மெஷின் ஓடத் தொடங்கியது. சூறாவளி தாம் உட்காருகிற ஆளா நிற்கிற ஆளா என்று புரியாமல் நின்று, கடைசியில் ஒரு பலகை மேல் உட்கார்ந்தார்.

வால்வு தோளிலிருந்த பெட்டியை இறக்கினான். டேப்பைக் கிழித்து, உள்ளே கையை விட்டு, ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை எடுத்துச் செருகினான். அது சூடாகிற வரை தச்சரின் பக்கம் திரும்பவேயில்லை. பிறகு கிட்டாரை மேஜை மேல் மல்லாத்திப் போட்டு, செத்த பிக்கப்பின் ஒயரைத் தேடிக்கொண்டே சொன்னான்:

“அந்தப் பக்கம் இறுக்கிப் பிடிங்க அத்தான். கை ஆடக் கூடாது.”

தச்சர் பிடித்துக்கொண்டார். கை ஆடத்தான் செய்தது.